விசுவாசமா, நம்பிக்கையா?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானோபதேச வகுப்பு முடிந்த வேளையில், ஒரு வழக்கு என்னிடம் தீர்ப்புக்கு வந்தது. வாதி ஒரு பாட்டியம்மாள். பிரதிவாதி ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி. தேவ சம்பந்தமான புண்ணியங்கள் மூன்றையும் சொல் என்று பாட்டி கேட்டிருக்கிறார். "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று குழந்தை மளமளவென்று சொல்லியிருக்கிறாள். பாட்டி சிறு வயதில் மனப்பாடம் செய்ததோ "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்".

"முதல் புண்ணியத்தையே முழுங்கிட்டா சாமி! விசுவாசத்தை விட்டுட்டு ரெண்டாவதுல ஆரம்பிக்கிறா" என்றார் பாட்டி.

குழந்தை சளைக்கவில்லை. "விசுவாசம்னா நாய்க்கு இருக்கிறது ஃபாதர். 'நாய் விசுவாசமுள்ள பிராணி'ன்னு தமிழ் மிஸ் கட்டுரையில எழுதச் சொன்னாங்க."

நான் சிரித்துவிட்டேன். இருவர் சொன்னதும் சரியென்று தீர்ப்புச் சொல்லி, குழந்தையை விளையாட அனுப்பினேன். பாட்டி மட்டும் வராந்தாவை விட்டுப் போகவில்லை. சற்று நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பிள்ளைகிட்ட சண்டை போட்டேனே தவிர, எனக்கே அது இல்ல சாமி. இவ அப்பன் போனதிலேருந்து விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வரல. எல்லாரும் சொல்றப்ப உதட்டை மட்டும் அசைக்கிறேன்."

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட வார்த்தையல்ல. கேட்டிருந்தால் இங்கே ஓர் எழுத்தும் எழுதியிருக்க மாட்டேன். எழுதலாம் என்று அந்த அம்மாளே அனுமதி தந்திருக்கிறார். அவருடைய மகன் நாற்பது வயதைத் தாண்டியவுடன் வியாதியில் இறந்துபோனார். அதன் பிறகும் அம்மாள் காலைப் பூசைக்கு வராத நாள் அபூர்வம். தேவமாதா பீடத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் மல்லிகைச் சரம் கட்டிக் கொண்டுவருகிறவரும் அவர்தான். நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "ஜெபம் பண்ணுங்கம்மா, சரியாயிடும்" என்றேன். ஞானஸ்நானம் கொடுக்க ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதில் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஜூலை 3-ந்தேதி அர்ச். தோமையார் திருநாள். 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்படும் வரை டிசம்பர் 21-இல் கொண்டாடப்பட்ட திருநாள் இது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிரசங்கம் தயாரிக்க, குருமடத்தில் வாங்கிய கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தூசி தட்டி எடுத்தேன். அர்ச். அருளப்பர் சுவிசேஷம், 20-ஆம் அதிகாரம். (இளையவர்கள் யோவான் என்று வாசித்துக்கொள்ளட்டும்.) உயிர்த்த ஆண்டவர் எட்டு நாளைக்குப் பின் வந்து தோமையாரிடம் பேசும் இடம், 27-ஆம் வசனம். அந்த வசனத்தில் இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன: அபிஸ்டோஸ், பிஸ்டோஸ். "அப்படி ஆகாதே, இப்படி ஆகு" என்கிறார் ஆண்டவர்.

இந்தப் பிஸ்டோஸ் என்ற சொல்லில்தான் பாட்டிக்கும் பேத்திக்கும் நடந்த வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிரேக்க மொழியில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, "நம்புகிறவன்", அதாவது பிறர் சொன்னதை மெய்யென்று ஏற்பவன். மற்றொன்று, "நம்பத்தக்கவன்", அதாவது சொன்ன சொல் தவறாதவன், விட்டுப் போகாதவன். அர்ச். மத்தேயு எழுதிய தாலந்து உவமையில் எஜமான் தன் ஊழியனைப் புகழும்போது வரும் சொல் இதே பிஸ்டோஸ். அந்த ஊழியன் எதையோ நம்பினான் என்பதற்காக அல்ல, ஒப்படைத்ததைக் காப்பாற்றினான் என்பதற்காக வந்த புகழ்ச்சி அது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரி. 10:13) சர்வேசுரனையே பிஸ்டோஸ் என்கிறார். சர்வேசுரன் யாரை நம்ப வேண்டும்? அங்கே "வாக்கு மாறாதவர்" என்பதுதான் பொருள். இதன் பெயர்ச்சொல் பிஸ்டிஸ். அதுவும் இப்படி இருமுகம் உள்ளதுதான்.

நம் பேத்திப் பெண்ணுக்குத் தெரியாமலே அவள் நல்ல கிரேக்கம் பேசியிருக்கிறாள் பாருங்கள். தமிழில் "விசுவாசம்" என்ற சொல்லும் இரட்டைப் பிறவி. கோயிலில் சொன்னால் கண்டிராததை ஏற்றுக்கொள்வது. வீட்டு வாசலில் சொன்னால் சோறு போட்ட கையை மறவாதது. விசுவாசமான வேலைக்காரர் என்று நாம் சொல்லும்போது அவருடைய வேதத்தையா விசாரிக்கிறோம்?

தோமையார் என்றாலே "சந்தேகத் தோமா" என்று ஊர் உலகம் சொல்கிறது. ஆனால் அந்த வசனத்தின் கிரேக்கத்தில் சந்தேகம் என்ற சொல்லே இல்லை! சந்தேகப்படுதலுக்கு சுவிசேஷகர் வழங்கும் சொல் ஒன்று உண்டு: டிஸ்டாஸோ. இரண்டு பக்கமாகச் சாய்வது போன்ற பொருள் அதற்கு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது வருவது இரண்டே இடங்களில், இரண்டும் அர்ச். மத்தேயுவில். தண்ணீரின்மேல் நடந்து மூழ்கப்போன அர்ச். இராயப்பரைப் பார்த்து ஆண்டவர் கேட்கும் கேள்வியில் ஒருமுறை (14:31). கலிலேயா மலையில் உயிர்த்த ஆண்டவரைக் கண்டும் சிலர் தயங்கியதாகச் சொல்லுமிடத்தில் ஒருமுறை (28:17). இராயப்பரை யாரும் சந்தேக இராயப்பர் என்று அழைக்கக் காணோம். பட்டம் முழுவதும் மயிலாப்பூருக்கு வந்துவிட்டது.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்தில் "ஐயம்" என்ற சொல்லைக் கையாண்டிருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபை அறிஞரும் கூடி உழைத்துத் தந்த அருமையான மொழிபெயர்ப்பு அது. அதைக் குறை கூற எனக்குத் தகுதி போதாது. ஆயினும் இந்த ஓரிடத்தில் பழைய தமிழ் வேதாகமத்தின் "அவிசுவாசி, விசுவாசி" என்ற சோடிதான் கிரேக்கத்துக்கு நெருக்கம் என்பது என் எண்ணம். ஏனென்றால் தோமையாரின் பிரச்சினை இரு பக்கம் சாய்ந்ததல்ல. அவர் ஒரே பக்கமாய்த் திட்டமாகத்தான் நின்றார்: காணாமல் ஏற்க மாட்டேன் என்று.

அதே தோமையார் சில அதிகாரங்களுக்கு முன்னே எப்படி இருந்தார்? லாசருவின் ஊர் யூதேயாவில் இருக்கிறது. அங்கே போனால் கல்லெறிந்து கொல்லப் பார்ப்பார்கள் என்று மற்றச் சீடர் தடுக்கிறார்கள். தோமையார் மட்டும், நாமும் போவோம், அவரோடு சாவோம் என்கிறார் (11:16). நாய் விசுவாசம் என்று நம் பேத்தி சொன்னாளே, அந்த விசுவாசம் இது. போனால் திரும்புவோம் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பேச்சில் இல்லை. விட்டுப் போக மனமில்லாமைதான் இருக்கிறது. ஆக, பிஸ்டோஸ் என்ற சொல்லின் ஒரு பாதி அவரிடம் நிறைய இருந்தது. மறு பாதி எட்டு நாள் காணாமற் போயிற்று. அந்த எட்டு நாளும் அவர் எங்கே இருந்தார்? மற்றவர்களுக்குக் கிடைத்த ஆனந்தம் தமக்குக் கிடையாமலே, அவர்களோடு அதே வீட்டில் பூட்டிய கதவுக்குள் இருந்தார். எழுந்து போய்விடவில்லை. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சொல் ஏன் இப்படி இரண்டு பொருளைச் சுமக்கிறது என்றால், அதன் பின்னால் ஓர் எபிரேயச் சொல் நிற்கிறது. எமுனா என்பது அது. நாம் ஜெப முடிவில் சொல்லும் "ஆமென்" அதே வேரில் பிறந்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, அலெக்சாந்திரியா யூதர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, பல இடங்களில் எமுனாவுக்குப் பிஸ்டிஸ் என்று எழுதினார்கள். எமுனாவின் முதற்பொருள் அசையாத் தன்மை. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு சண்டை நடக்கிறது. மோயீசன் மலைமேல் கையை உயர்த்தி நிற்கிறார். கை சோர்ந்துபோகிறது. ஆரோன் ஒரு பக்கம், ஹூர் ஒரு பக்கம் நின்று தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும் வரை அவர் கைகள் எமுனாவாக இருந்தன என்று எபிரேயத்தில் எழுதியிருக்கிறது. இதை நான் குருமடத்தில் முதன்முதல் படித்தபோது அகராதியை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். விசுவாசம் என்று நாம் சொல்லும் சொல்லின் தாய்ச் சொல், சோர்ந்துபோய் இரண்டு பேர் தாங்கிப் பிடித்த ஒரு கிழவரின் கைகளைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது!

இதனால் மொழிபெயர்ப்பாளர் படும் பாடு கொஞ்சமல்ல. அபாகூக் தீர்க்கதரிசி, நீதிமான் "தன்" எமுனாவினால் பிழைப்பான் என்கிறார். கிரேக்கப் பெயர்ப்பில் அது "என்" பிஸ்டிஸ் என்று, சர்வேசுரனுடையதாக ஆகிவிட்டது. அர்ச். சின்னப்பர் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் இதை எடுத்தாளும்போது "தன்" என்பதும் இல்லை, "என்" என்பதும் இல்லை. யாருடையது என்று சொல்லாமலே விட்டுவிட்டார். வேண்டுமென்றே விட்டாரா? சாஸ்திரிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் உரோமையர் 3:22-இல். அங்கே "சேசு கிறிஸ்துவின் பிஸ்டிஸ்" என்று கிரேக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்துவின்மேல் நாம் வைக்கும் விசுவாசமா, கிறிஸ்து தம் பிதாவுக்குக் காட்டிய விசுவாசமா? பழைய இலத்தீன் பெயர்ப்பு "கிறிஸ்துவின்" என்றே வைத்துத் தப்பித்துக்கொண்டது. பின்வந்த பெயர்ப்புகளில் பல "கிறிஸ்துவின்மேல்" என்று தீர்ப்புச் செய்தன. 1983-இல் ரிச்சர்ட் ஹேய்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு நூல் எழுதி இந்த வாதத்தை மறுபடியும் கிளப்பினார். இப்படி ஒரு வேற்றுமை உருபுக்காக இத்தனை சண்டையா என்று நினைக்காதீர்கள். "தாய்ப் பாசம்" என்று தமிழில் சொன்னால், தாய் பிள்ளைமேல் வைத்த பாசமா, பிள்ளை தாய்மேல் வைத்த பாசமா? "அம்மாவின் நினைவு வந்தது" என்றால் யாருடைய நினைவு? வீட்டில் இருப்பவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டத் தேவையே இருப்பதில்லை. வெளியே நின்று மொழிபெயர்க்கிறவருக்குத்தான் தலைவலி.

நம் வாசலிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பரங்கிமலையில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சுற்றிச் சில வார்த்தைகள் செதுக்கப்பட்டுள்ளன. அந்நூற்றாண்டில் ஒரு பண்டிதர் அதைத் தோமையாரின் நீண்ட சரித்திரமாகவே வாசித்துக் காட்டினாராம். 1873-இல் பர்னல் என்ற அறிஞர் அது பாரசீகத்துப் பகலவி எழுத்து என்று விளக்கினார்; இருப்பது ஒரு சிறிய வாக்கியம் மட்டுமே. அதன் பொருளிலும் அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்தபாடில்லை. யாத்திரை போகிறவர்கள் அதற்காகக் காத்திராமல் படியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் வீட்டு வழக்குக்குத் திரும்புவோம். "நம்பிக்கை" என்ற சொல் முன்பு நம் ஞானோபதேசத்தில் இரண்டாம் புண்ணியத்துக்கு, அதாவது கிரேக்கத்தின் எல்பிஸுக்கு, வழங்கியது. இப்போது அது முதற் புண்ணியத்துக்கு ஏறிவிட்டது. காலியான இடத்துக்கு "எதிர்நோக்கு" வந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு யூபிலியில் அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டோம்! ஆகையால் ஒரே வீட்டு அலமாரியில் உள்ள இரண்டு ஜெபப் புத்தகங்களில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பாட்டி குழம்பியதில் ஆச்சரியமில்லை. குழந்தைகள் புதிய சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் அடிக்க வேண்டாம்; பெரியவர்கள் பழைய சொல்லைச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கவும் வேண்டாம்.

இந்தச் சொல் தமிழில் தடுமாறியது இப்போது முதல் தடவையும் அல்ல. அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் முத்துக்குளித்துறையில் மீனவ மக்களுக்கு மந்திரங்களைத் தமிழில் கற்பித்த காலம். தமிழ் அவருக்குத் தாய்மொழியல்ல. இரண்டு மொழியும் அரைகுறையாய்த் தெரிந்த துணைவர்களை வைத்துக்கொண்டு பெயர்த்தார். 1544-இல் தம் தோழர் பிரான்சிஸ் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் அனுப்புகிறார். விசுவாசப் பிரமாணத்தில் "வேணும்" என்ற சொல் புகுந்துவிட்டது. அதற்கு ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தம். அதை எடுத்துவிட்டு "விசுவாசம்" என்ற சொல்லைப் போடுங்கள் என்பது அதன் கருத்து. அந்தக் கரையோரச் சனங்கள் அதுவரை "சர்வேசுரன் எனக்கு வேணும்" என்று பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! மறு வருஷம், 1545-இல், சவேரியார் இதே மயிலாப்பூருக்கு வந்து, தோமையார் கல்லறையருகே சில மாதங்கள் தங்கி ஜெபித்தார். அந்தத் திருத்தத்தை அங்கே நினைத்திருப்பாரோ என்னவோ.

சவேரியார் செய்தது சரியான திருத்தம். வேண்டுவதும் விசுவசிப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் ஓர் அதிசயம் பாருங்கள்: "நம்பு" என்ற நம் பழந்தமிழ்ச் சொல்லுக்குத் தொல்காப்பியம், உரியியலில், சொல்லும் பொருள் "நசை". நசை என்றால் விருப்பம். நம்பிக்கை என்று இன்று குழந்தைகள் சொல்லும் சொல்லின் அடியிலே "வேணும்" என்பதுதான் கிடக்கிறது.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, கச்சேரி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மகனுடைய படத்துக்கு முன் சிறு விளக்கு எரிந்தது. நான் கிரேக்கச் சொல்லின் இரண்டு பாதியையும், தோமையார் எட்டு நாள் பூட்டிய வீட்டில் இருந்ததையும், மோயீசனின் கைகளையும் என்னால் இயன்ற மட்டும் எளிமையாய்ச் சொன்னேன். பிள்ளைக்காக ஆண்டவரிடம் வந்த ஒரு தகப்பன், விசுவசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசத்துக்கு உதவும் என்றும் ஒரே மூச்சில் கூவியதை (மாற்கு 9:24) சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப எனக்குப் பாதிதான் போயிருக்குன்றீங்களா சாமி?"

"ஆமாம்மா. பூசைக்கு வர்றீங்களே, பூ கட்டுறீங்களே, அதுவும் அதே சொல்தான்."

"அது பழக்கம் சாமி. அதைப் போய் விசுவாசம்ன்னா ஆண்டவருக்குச் சிரிப்பு வராதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் கதை சொல்வது சாமியார்களின் வழக்கம். சவேரியார் கடிதத்தைச் சொன்னேன். "வேணும்" என்று மீனவர்கள் பிரமாணம் சொன்னதைக் கேட்டு அவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போயிற்று.

"விசுவாசம் இருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. என் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனவர்மேல கோவமாவும் இருக்கு. ஆனா அவர் வேணும் சாமி. அது மட்டும் இருக்கு."

அர்ச். சவேரியார் 1544-இல் திருத்திய சொல் அது. நான் திருத்தவில்லை.